நாலாவது மாடியில் ஒரு நாய்க்குட்டி

விடியற்காலை மணி 5. மும்பை பாண்டுப்பில் எங்கள் கட்டிடத்துக் குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடத்தை எடுக்கப் போன என் மனைவி, இருட்டில் எதையோ மிதித்து வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பினாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் சமையலறை வாசலில் ஒரு சின்னக் குளம்! குளத்தை வெட்டியவன் கோரைப்பாயின் நுனியில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். அதுக்குள்ள இது பழகலைன்னா நீங்களே கொண்டு போய் வெளியில விட்டுருங்க" என்றாள்.

இது நடந்தது 2023 ஜூலையில். "வெளியில விட்டுருங்க" என்ற அந்தச் சொல் எனக்கு ஏன் சுருக்கென்று தைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் குட்டி வந்த கதை.

அந்த மழைக்காலத்தில் எங்கள் கட்டிடத்து மாடிப்படிக்கு அடியில் ஒரு தெரு நாய் நாலு குட்டி போட்டிருந்தது. ஒரு மாதம் கழித்துத் தாய் நாய் மெயின் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தது. மூன்று குட்டிகளை யார் யாரோ எடுத்துப் போனார்கள். நாலாவது, பழுப்பு நிறத்தில், ஒரு காது மடங்கி, யாரும் கேட்காமல் கிடந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் அதைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான். பெயரும் அவனே வைத்தான். மணி. ஊரில் பாதி நாய்களுக்கு அதுதானே பெயர்!

ஊரில் வாசல் இருந்தது

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். ஊரில் நாய்க்கு யாரும் கழிப்பிடப் பயிற்சி கொடுத்து நான் பார்த்ததில்லை. நாய் வாசலில் படுக்கும். திண்ணைக்குக் கீழே தூங்கும். வயிறு கலங்கினால் எழுந்து உடைமரக் காட்டுப் பக்கம் போய்விட்டு வரும். வீட்டுக்குள் அது வருவதே இல்லை. அதனால் இந்தப் பிரச்சினையும் வருவதில்லை.

மும்பையில் நமக்கு ஒரு ஹால், ஒரு சமையலறை. அதிலேயே பீரோ, தையல் மெஷின், பூஜை அலமாரி, அம்மாவின் கட்டில். நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. வாசல் என்று ஒன்று இருந்தால் அது எதிர்வீட்டுக்காரரின் வாசலும்தான். இங்கே ஒரு நாய்க்குட்டி எங்கே போகும்?

"கீழே கூட்டிக்கிட்டுப் போயேன்" என்றார்கள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். கால்நடை டாக்டர்தான் தடுத்தார்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, குட்டியைத் துண்டில் சுற்றிப் பரேலுக்குக் கொண்டு போனேன். 1886-ல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதோடு சேர்ந்த பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருக்கின்றன. டாக்டர் பல்லைப் பார்த்து, வயது ஆறேழு வாரம் இருக்கும் என்றார். பூச்சி மருந்து கொடுத்தார். முதல் தடுப்பூசி போட்டார். பிறகு ஒரு கண்டிப்பான வார்த்தை சொன்னார்: தடுப்பூசி எல்லாம் முடிகிற வரை இதைத் தெருவில் இறக்கக் கூடாது.

காரணம் பார்வோ என்ற வைரஸ் நோய். குட்டிகளுக்கு ரத்தபேதியும் வாந்தியும் வந்து சில நாளில் உயிரைக் கொண்டு போய்விடும். நோய் கண்ட நாயின் மலம் பட்ட மண்ணில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தெருநாய்கள் சுற்றும் இடத்தில் எந்த மூலை சுத்தம், எந்த மூலை நோய் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. அதன் பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை, குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை. வெறிநாய்க்கடிக்கான ஊசி மூன்று மாதம் ஆனதும் போட வேண்டும். ஆக, குட்டி நாலு மாதத்தைத் தாண்டும் வரை வீட்டுக்குள்தான் எல்லாம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் சேர்த்துத்தான்!

பேடு என்றால் என்ன?

மருந்துக் கடையிலும் நாய்த் தீனி விற்கும் கடையிலும் 'பேடு' என்று கேட்டால் தருவார்கள். குழந்தைக்குக் கட்டும் டயப்பரை விரித்துப் போட்டது மாதிரி இருக்கும். மேலே மெல்லிய துணி போன்ற ஒரு பரப்பு. நடுவில் பஞ்சுக் கூழும், ஈரத்தை உறிஞ்சிக் கூழாக இறுகும் ஒரு ரசாயனத் தூளும். அடியில் பிளாஸ்டிக் தாள். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடிக்கு மூன்றடி என்று அளவுகள் உண்டு. சிலவற்றில் நாய்க்குட்டியை இழுக்கும் வாசனையும் சேர்த்திருப்பார்கள்.

நல்ல பொருள்தான். ஆனால் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நாலு பேடு ஆகும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், நம்மைப் போன்ற சம்பளக்காரனுக்குக் கையைக் கடிக்கும். அதனால் நான் செய்தது இது: பிளாஸ்டிக் தட்டம் ஒன்று, அதில் பழைய பத்திரிகைத் தாள் ஐந்தாறு அடுக்கு, மேலே ஒரு பேடு. ஒன்றுக்குப் போனால் பேடு மாற்றம். இரண்டுக்குப் போனால் மேலே ஒரு தாளை வைத்து எடுத்துவிட்டால் பேடு தப்பிக்கும். துவைத்துத் துவைத்துப் போடும் துணிப் பேடும் கிடைக்கிறது. மழைக்காலத்தில் மும்பையில் நம் துணியே காய மாட்டேன் என்கிறது. ஆகவே அது வெயில் காலத்துக்குத்தான் சரி.

வெறும் பத்திரிகைத் தாளே போதாதா என்று கேட்கலாம். போதும், நம் நாட்டில் பல வீடுகளில் அப்படித்தான் பழக்குகிறார்கள். இரண்டு குறை உண்டு. தாள் ஈரத்தைப் பிடித்து வைக்காது. குட்டி அதை மிதித்துக்கொண்டு வீடெல்லாம் கோலம் போடும். இன்னொன்று, நேற்றைய தாளுக்கும் இன்றைய தாளுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தரையில் விரித்துப் படித்துக்கொண்டிருந்த இந்தப் பத்திரிகையின் மேலேயே, என் கண் எதிரிலேயே, மணி தன் கருத்தைத் தெரிவித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா? நான் கற்றுக் கொடுத்ததைத்தான் அவன் செய்தான்.

ஈரத் துணியும் நோட்டீசும்

பேடு வாங்கிப் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முதல் வாரம் மணி பேடைக் கடித்துக் கிழித்தான். அதன் மேல் படுத்துத் தூங்கினான். ஒன்றுக்கு மட்டும் கட்டில் அடியில், பீரோ ஓரத்தில், பாயில் என்று போனான்.

குட்டி பேடைக் கிழித்தால் சிரித்துவிட்டு விடக் கூடாது. உள்ளே இருக்கும் பஞ்சையும் தூளையும் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் நாலு ஓரத்தையும் கிளிப் போட்டுத் தட்டத்தோடு இறுக்கினேன்.

இதற்கு நடுவில் கேலரிக் கதவு திறந்திருந்த ஒரு நாள், மணி அங்கே போய்க் காரியத்தை முடித்தான். அது வழிந்து மூன்றாவது மாடியில் காய்ந்த வேட்டி சட்டைமேல் சொட்டியது. சாயங்காலமே சொசைட்டி செக்ரட்டரி மேலே வந்தார். மறுநாள் நோட்டீசு வந்தது. "நாயைப் பதினைந்து நாளில் அப்புறப்படுத்தவும்."

வீட்டுக்குள் ஒரு கெடு, வெளியில் ஒரு கெடு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை கிலோ எடையுள்ள ஒரு ஜீவன்.

2009-ல் நான் செய்தது

இப்போது அந்தப் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2009-ல் எங்களிடம் வேறொரு குட்டி இருந்தது. வெள்ளைக் குட்டி. ஆபீஸ் நண்பர் ஒருவர் கொடுத்தது. அதுவும் இப்படித்தான் வீடெல்லாம் அசுத்தம் செய்தது. யாரோ சொன்னார்கள், மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்தால் புத்தி வரும் என்று. தேய்த்தேன். பத்திரிகையைச் சுருட்டி அடித்தேன். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலே அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து, பயத்தில் அங்கேயே ஒன்றுக்குப் போகும். "பாருங்க, தப்பு செஞ்சோம்னு அதுக்கே தெரியுது" என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி அதை எடுத்துக்கொண்டு போய் மீன் மார்க்கெட் பக்கத்தில் விட்டேன். அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சம் இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொஞ்ச தூரம் என் பின்னால் ஓடி வந்தது. நான் ஆட்டோ ஏறிவிட்டேன். ஒரு வாரம் கழித்து மனம் கேட்காமல் போய்த் தேடினேன். இல்லை.

மணியைப் பார்த்த டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. விஷயத்தை விளக்கினார். நாய்க்குட்டி தரையில் போய்விட்டு ஐந்து நிமிடம் கழித்து அடித்தால், அந்த அடி எதற்கு என்று அதற்குத் தெரியாது. தரைக்கும் அடிக்கும் முடிச்சுப் போடத் தெரியாது. உன் கைக்கும் அடிக்கும்தான் முடிச்சுப் போடும். காதை மடக்கிப் பதுங்குவது குற்ற உணர்ச்சி அல்ல, பயம். பயந்த குட்டி உன் எதிரில் போகாது. ஒளிந்து போய்ப் போகும். பிறகு நீ எப்படிச் சரியான இடத்தைக் காட்டப் போகிறாய்? ஆள் வந்ததும் குழைந்து குழைந்து இரண்டு சொட்டு விடுவதும் குறும்பு அல்ல. சின்னக் குட்டிகளுக்கு அது அடங்காது. வளர வளர நின்றுவிடும்.

இன்னொன்றும் சொன்னார். குட்டிக்குச் சுத்தம் பிறவியிலேயே உண்டு. முதல் மூன்று வாரம் தாய் நாய் நக்கி நக்கியே குட்டியின் கழிவை அகற்றும். காலில் பலம் வந்ததும் குட்டி, படுக்கும் இடத்தைவிட்டுத் தள்ளிப் போய்த்தான் போகும். அந்தப் புத்தி மணியிடமும் இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் எது படுக்கை, எது கழிப்பிடம் என்பது நம் தலைக்குள் இருக்கிறது. அதன் தலைக்குள் இல்லை. அதைக் காட்ட வேண்டியவன் நீதான் என்றார்.

வெள்ளைக் குட்டி ஒரு தவறும் செய்யவில்லை என்று பதினாலு வருடம் கழித்து எனக்குப் புரிந்தது.

குமாஸ்தாவின் ரிஜிஸ்தர்

இருபத்தைந்து வருடமாக லாரி ஆபீசில் சரக்கு வந்த நேரம், போன நேரம் எழுதி வருகிறவன் நான். அந்த வித்தையை வீட்டிலும் காட்டினேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, சமையலறை ஆணியில் தொங்கவிட்டேன். வீட்டில் யார் பார்த்தாலும் எழுத வேண்டும் என்பது சட்டம்.

முதல் நாள் பக்கம் இப்படி இருந்தது:

காலை 5.10 – தூங்கி எழுந்தவுடன் – சமையலறை வாசல் – ஒன்றுக்கு.
காலை 7.20 – சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் – பீரோ ஓரம் – இரண்டுக்கு.
காலை 8.05 – பந்து விளையாடும்போது – பாயில் – ஒன்றுக்கு.
காலை 10.30 – தூங்கி எழுந்தவுடன் – கட்டில் அடியில் – ஒன்றுக்கு.

நாலு நாள் எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது. மணி கண்ட நேரத்தில் போகிறான் என்று நினைத்தோம். நம் லோக்கல் ரெயிலைவிட ஒழுங்காக நேரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தான்! தூங்கி எழுந்தவுடன் ஒரு தடவை. சாப்பிட்டுப் பத்து, இருபது நிமிடத்துக்குள் ஒரு தடவை. விளையாட்டின் நடுவில் ஒரு தடவை. இரவு படுக்கும் முன் ஒரு தடவை. தாமதமாக இருந்தது நாங்கள்தான்.

அன்றிலிருந்து வேலை எளிதாகிவிட்டது. எழுந்ததும் தூக்கிப் பேடின் மேல் விட வேண்டும். சாப்பிட்டதும் தூக்கி விட வேண்டும். நடுவில் தரையை மோந்து வட்டம் போட்டால் உடனே தூக்கி விட வேண்டும். போகும்போது மெதுவாக ஒரே வார்த்தை. எங்கள் வீட்டில் "போ ராஜா" என்பது அந்த வார்த்தை. முடித்த அந்த விநாடியே தடவிக் கொடுத்து, வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று. அரை நிமிடம் தாமதித்தால் கூலி எதற்கு என்று மறந்துவிடும். தவறான இடத்தில் பாதியில் பிடித்தால் சத்தம் போடாமல் தூக்கிப் பேடில் விட வேண்டும். முடித்த பிறகு பார்த்தால், வாயை மூடிக்கொண்டு துடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்று கூட்டுங்கள். பகலில் ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவும் அதிகபட்சம். கணவன் மனைவி இரண்டு பேரும் காலை 8 மணிக்குக் கிளம்பி ராத்திரி 8 மணிக்கு வருகிற வீட்டில், நடுவில் வந்து பார்க்க ஆள் இல்லாவிட்டால், குட்டி வளர்க்க ஆசைப்படாதீர்கள். அது குட்டிக்கும் தண்டனை, வீட்டுக்கும் தண்டனை.

எங்கள் வீட்டில் நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். மகனுக்குப் பகல் ஷிப்ட் பள்ளி என்பதால் காலை முழுவதும் அவன் பொறுப்பு. மத்தியானம் அம்மா. முழங்கால் வலியோடு குனிந்து தூக்க அவர்களால் முடியாது. அதனால் ஹாலின் ஒரு மூலையை இரண்டு ஸ்டூலும் ஒரு பலகையும் வைத்து அடைத்தோம். ஒரு பக்கம் சாக்குப் படுக்கை, எதிர்ப்பக்கம் பேடு. தண்ணீர்க் கிண்ணம் படுக்கைப் பக்கம். சாப்பிடும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் பக்கத்தில் எந்த நாயும் போக விரும்பாது; ஆகவே பேடை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். ஒரு தடவை வைத்த இடத்தை மாற்றக் கூடாது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "ஏல மணி, அங்க போல" என்று அதட்டுவார்கள். பத்து நாளில் அந்தக் குரலுக்கே அவன் பேடுக்குப் போக ஆரம்பித்தான். "நாய்க்குத் திருநெல்வேலித் தமிழ் புரியுது பாரு" என்று அம்மாவுக்கு ஒரே பெருமை!

பாய், மிதியடி, ஈரத் துண்டு ஆகியவற்றைச் சில வாரம் தரையிலிருந்து எடுத்துவிடுங்கள். காலுக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் குட்டிக்குப் பேடுதான். நாங்கள் கோரைப்பாயை இழந்த பிறகே இதைத் தெரிந்துகொண்டோம்.

பாலும் ஃபினாயிலும்

நாம் செய்யும் இரண்டு பெரிய தவறுகளை இங்கே சொல்ல வேண்டும்.

ஒன்று, பால். குட்டி என்றாலே ஒரு கிண்ணம் எருமைப் பால் ஊற்றுகிறோம். பல குட்டிகளுக்கு அது செரிக்காது, வயிற்றோட்டம் வரும். வயிறு கலங்கிய குட்டிக்கு எந்தப் பயிற்சியும் பலிக்காது. மணிக்குப் பாலை நிறுத்தி, குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, உப்பும் மசாலாவும் இல்லாத கோழி என்று ஒரு நாளைக்கு நாலு வேளை, நேரம் தவறாமல் கொடுத்தோம். நேரத்துக்குப் போட்டால் நேரத்துக்குப் போகும். வெங்காயம், திராட்சை, சாக்லெட் கூடவே கூடாது. நாய்க்கு அவை விஷம். தண்ணீரைப் பகலில் குறைக்கக் கூடாது. படுக்கப் போகும் ஒரு மணி நேரத்துக்கு முன் கிண்ணத்தை எடுத்துவிடலாம்.

இரண்டு, ஃபினாயில். வாடை போக வேண்டும் என்று வாளி வாளியாக ஊற்றித் துடைக்கிறோம். தரையை நக்கித் திரியும் குட்டிக்கு அது ஆகாது. அமோனியா கலந்த திரவமும் வேண்டாம். அதன் வாடை சிறுநீர் வாடையை ஒத்தது. அதை மோந்துவிட்டு, இதுதான் இடம் போலிருக்கிறது என்று குட்டி மறுபடியும் அங்கேயே போகும். முதலில் தாளால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் போதும். சிறுநீர் வாடையைச் சிதைக்கும் என்சைம் திரவமும் கடையில் கிடைக்கிறது. மாறாக, பேடில் மட்டும் அந்த வாடை கொஞ்சம் இருக்கட்டும். பழைய பேடின் ஈரத்தில் புதுப் பேடின் நடுவை ஒரு தடவை ஒற்றி வைத்தால், விலாசம் எழுதி வைத்த மாதிரி!

ஈரப் பேடைச் சுருட்டி, தாளில் பொதிந்து குப்பைத் தொட்டியில் போடுங்கள். கக்கூசில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஜன்னல் வழியாக எறிந்தால், எறிகிற கையை இந்த நகரம் மன்னிக்காது. மலத்தை மட்டும் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றலாம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குட்டியின் வயிற்றுப் பூச்சி நம் குழந்தைகளுக்கும் தொற்றும்.

தெருவில் எடுத்த குட்டி என்றால் இன்னொரு எச்சரிக்கை. அது விளையாட்டாகக் கடித்துப் பல் பதிந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய்க்கு வயது கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சொசைட்டி நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, விவரம் தெரிந்த ஆபீஸ் நண்பரிடம் போனேன். அப்போது தெரிந்த ஒரு விஷயம் நம் தமிழர்களுக்குப் பெருமையானது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டு வந்த தனி மசோதாவின் தொடர்ச்சியாகத்தான், 1960-ல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. கலாக்ஷேத்ராவை உண்டாக்கிய அதே அம்மையார்தான். 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான்.

அந்த வாரியம் 2015-ல் வெளியிட்ட சுற்றறிக்கை, பெரும்பான்மை ஓட்டுப் போட்டுக்கூட ஒரு சொசைட்டி செல்லப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்கிறது. அதே நேரத்தில், வளர்ப்பவருக்கும் கடமை உண்டு. மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். தடுப்பூசி போட வேண்டும். அடுத்த வீட்டாருக்கு அசுத்தமும் தொல்லையும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் 11-வது பிரிவையும் நண்பர் காட்டினார். பசியும் தாகமும் வாட்டும்படி ஒரு பிராணியைக் கைவிட்டுப் போவது குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அதைப் படித்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன். 2009-ல் நான் செய்ததன் விலை ஐம்பது ரூபாய்!

சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு போய் செக்ரட்டரியிடம் சண்டை போட்டிருக்கலாம். மனைவி தடுத்தாள். மூன்றாவது மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, வேட்டி சட்டையை வாங்கி வந்து துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கேலரிக் கதவுக்கு ஒரு வலை அடித்தோம். அதன் பிறகுதான் சுற்றறிக்கையின் நகலையும் தடுப்பூசிச் சீட்டையும் செக்ரட்டரியிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நோட்டீசு அதோடு நின்றது.

பேடிலிருந்து தெருவுக்கு

பேடு, படிக்கட்டு மாதிரி. அதிலேயே குடியிருக்கக் கூடாது. குட்டிக்கு நாலு மாதம் ஆகி ஊசிகளும் முடிந்த பிறகு, டாக்டரின் சம்மதத்தோடு பேடை ஒரு நாளைக்கு ஒரு சாண் வீதம் வாசல் கதவுப் பக்கம் நகர்த்தினோம். மூலையில் வைத்த இடத்தை மாற்றக் கூடாது என்றேன் அல்லவா? அது கற்றுக்கொள்ளும் காலத்துக்கு. கற்றுக்கொண்ட பிறகு மெல்ல நகர்த்தலாம். கதவு வரை வந்ததும் காலையும் மாலையும் கழுத்துப் பட்டை போட்டுக் கீழே கூட்டிப் போனோம். முதல் மூன்று நாள் மணி கீழே ஊரெல்லாம் மோந்து பார்த்துவிட்டு, மாடி ஏறி வந்து பேடில்தான் போனான். நாலாவது நாள் பழைய பேடின் ஒரு துண்டைக் கீழே மரத்தடியில் வைத்தோம். "போ ராஜா" என்றான் மகன். போனான். பையனின் சத்தத்தில் மூன்று மாடிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். தெருவில் இரண்டுக்குப் போனால் எடுத்து வர ஒரு தாள் பை எப்போதும் கையில் இருக்க வேண்டும். மழை கொட்டும் நாளிலும், அம்மாவால் இறங்க முடியாத மத்தியானத்திலும் பேடு இன்றும் கை கொடுக்கிறது.

என் மனைவி கொடுத்த ஒரு மாதக் கெடு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

கெடு முடிகிற அன்று காலையில் ரிஜிஸ்தரைப் புரட்டினேன். முந்தின இரவு நான் தூங்கிப் போயிருந்தேன். கடைசி வரி என் மனைவியின் கையெழுத்தில் இருந்தது:

"இரவு 11.40 – தானே எழுந்து பேடுக்குப் போனது – ஒன்றுக்கு. யாரும் சொல்லவில்லை. கோழி இல்லை, பிஸ்கட் கொடுத்தேன்."

கெடுவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சென்ற மாதம் மூன்றாவது மாடிக்காரரின் மகள் ஒரு குட்டியைக் கொண்டு வந்திருக்கிறாள். அன்று வேட்டி நனைந்த அதே வீடுதான். அந்த அம்மா மேலே வந்து, ஏதோ நோட்டு வைத்திருக்கிறீர்களாமே என்று கேட்டார். தமிழில் எழுதியிருக்கிறதே என்று தயங்கினேன். "படித்துச் சொல்லுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மணி என் காலடியில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.